பதினெட்டாவது வரி

“ஒரு கோழிய அறுக்கறவன் அதோட மொகத்தப் பாப்பான், ஓராயிரங் கோழிய அறுக்கறவன்…” எதையோ பார்ப்பான். எதை? பெரியப்பா அதைச் சொன்ன இடம் நினைவிருக்கிறது, முதல் கொட்டகையைத் திறந்த அன்று, பந்தலில், மைக்கை வாய்க்குப் பிடிக்காமல் நெஞ்சுக்குப் பிடித்துக்கொண்டு, பாதியைக் காற்றுக்கும் பாதியைக் கூட்டத்துக்குமாகப் பேசினார், கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன், எதற்குச் சிரித்தோம் என்பது மட்டும் கழன்று விழுந்துவிட்டது. பின்பாதி இல்லாத அந்த வாக்கியம் காலையிலிருந்து பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நெருடுகிறது, நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. கத்தியைப் பார்ப்பானா? அது பெரியப்பா பேச்சு இல்லை. வானத்தைப் பார்ப்பானா? அதற்கு யார் சிரிக்கப் போகிறார்கள். மணி பத்து பன்னிரண்டு. அறையில் ஏசி ஓடுகிறது, கண்ணாடிக்கு அப்பால் கத்திரி வெயிலில் பதினேழு கொட்டகைகளும் வெள்ளைத் தகரக் கூரையோடு படுத்துக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் நூற்றிருபது மீட்டர், சன்னல் கிடையாது, ஒரு முனையில் ஆளுயர விசிறிகள் உள்ளிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ள, மறுமுனையில் நனைந்த தட்டி வழியாகக் காற்று குளிர்ந்து உள்ளே வருகிறது. வெளியே நாற்பத்தொன்று, உள்ளே இருபத்தாறு. அந்தப் பதினைந்து டிகிரிதான் என் வேலை. பதினேழு வருஷம் ஹாலந்தில் கற்று, மூட்டைகட்டிக்கொண்டு திரும்பி, நாலு வருஷமாக இந்த நாமக்கல் மேட்டில் நான் உண்டாக்கி வைத்திருப்பது வேறொன்றுமில்லை, ஒரு வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்குள்தான் இரண்டு லட்சம் கோழிகள் உயிரோடு நிற்கின்றன. இன்று அதை எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை மூன்றாம் கொட்டகையில் நாற்பது செத்தது, செவ்வாய் முந்நூறு, நேற்று மாலை ஆய்வகத்திலிருந்து தாள் வந்துவிட்டது, பறவைக் காய்ச்சல்தான், பண்ணையில் ஒன்றுவிடாமல் கொல்ல வேண்டும். அரசு டாக்டர்கள் மூன்று மணிக்கு ஆட்களோடு வருகிறார்கள், வந்தால் கழுத்தைத் திருகித் திருகி நாலு நாள், ஊரே வேலிக்கு வெளியில் நின்று செல்போனில் படம் பிடிக்கும், அதற்குள் முடித்துவிடலாம் என்கிறான் செங்கோட்டுவேல் அண்ணன், பெரியப்பா மகன், இப்போது பண்ணைக்கு முதலாளி. விசிறியை நிறுத்தினால் போதும். அரைமணியில் உள்ளே ஐம்பதைத் தொடும். வெயில்கூட வேண்டாம், கோழிகளின் உடம்புச் சூடே கோழிகளைக் கொன்றுவிடும். ஒன்று மற்றொன்றைக் கொல்லும், யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு கொட்டகைக்கும் சர்வரில் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டரிலும் சின்னச் சின்ன ஸ்க்ரிப்டுகள், பத்து வரி, இருபது வரி, காலையில் விளக்கைப் போட, தீவனத்தை இறக்க, தண்ணீரைத் திறக்க. எல்லாம் நான் எழுதியது. அதில் ஒன்றுக்கு ‘நிறுத்து’ என்று பெயர். வயதான கோழிகளை ஏற்றி அனுப்பிவிட்டுக் கொட்டகையைக் கழுவும் நாளில் ஓட்டுவதற்காக எழுதியது, நாலே காரியம் செய்யும், விசிறிகளை நிறுத்தும், தட்டிக்குத் தண்ணீரை நிறுத்தும், காற்று நுழையும் இடுக்குகளை மூடும், வெப்பம் ஏறினால் செல்போனில் அலறுகிற எச்சரிக்கையையும் வாயடைக்கும், காலிக் கொட்டகைக்கு எதற்கு அலறல். யாராவது தெரியாமல் ஓட்டிவிட்டால் என்ன ஆவது என்று பயந்து அதன் தலையில் ஒரு கேள்வியை வைத்தேன், அழகான தமிழில், ‘கொட்டகை காலியா?’ என்று கேட்கும், ஆமாம் என்று தட்டினால்தான் மேலே போகும். அந்தக் கேள்வியை எழுதிய அன்று எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது, ஒரு குழந்தையைப் போல அது கேட்கிறது, குழந்தை கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. ஒவ்வொரு ஃபோல்டராகப் போய் ஓட்டலாம். அப்படி ஓட்டினால் ஒன்றுக்கு நாலு நிமிஷம் பிடிக்கும், விசிறிகளைப் படிப்படியாகத்தான் இறக்கவேண்டும், ஒரேயடியாக நிறுத்தினால் மோட்டார் போய்விடும், மோட்டார் போகக்கூடாது, மோட்டாரைப் பற்றி மட்டும் கவனமாக எழுதியிருக்கிறேன். ஆகவே ஒரு வரி. சர்வரின் உச்சியிலிருந்து தேடு, இந்தப் பெயருள்ளது எங்கெல்லாம் இருக்கிறதோ எல்லாவற்றையும் எடு, எடுத்ததையெல்லாம் ஒரே சமயத்தில் ஓட்டு. ஒரே வரிதான், யூனிக்ஸ் கற்கிற எவனும் இரண்டாம் வாரம் எழுதிப் பார்ப்பது. ஓட்டும் பகுதியை இன்னும் சேர்க்கவில்லை, முதலில் தேடிக் காட்டு, தொடாதே என்று சொல்லிப் பார்த்தேன், எப்போதும் அப்படித்தான் செய்வேன், வாயில் போடுமுன் முகர்ந்து பார்ப்பது மாதிரி. காட்டியது. எண்ணினேன். பதினெட்டு. பண்ணையில் இருப்பது பதினேழு. மறுபடி எண்ணினேன், விரலைத் திரைமேல் வைத்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வாயை அசைத்து. பதினெட்டாவது வரியில் மாறப்பன் பெயர் இருந்தது.

மாறப்பனுடைய கொட்டகை நம்முடையதல்ல. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம், அவனுடைய சொந்தத் தோட்டத்தில், சொந்தக் கோழி, ஒரே ஒரு கொட்டகை. போன வருஷம் கட்டியபோது, “ஏன்டா ஹாலண்டுக்காரா, உன்ற டப்பாவுல எனக்கும் ஒரு மூலை குடேன்” என்றான், கொடுத்தேன், உயரமான கம்பத்தில் ஆண்டெனா வைத்து அவன் விசிறிகளையும் நம் சர்வரிலேயே கோர்த்துவிட்டேன். வசதிக்காக எல்லா ஃபோல்டருக்கும் பக்கத்திலேயே அவனுடையதையும் வைத்தேன். தேடு என்றால் தேடுகிறது, அதற்கு வேலி தெரியுமா, ஓடை தெரியுமா, பெயர் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள்கிறது. ஒன்பது மணிக்கு அண்ணன் இந்த நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றான், வேட்டியை மடித்துக் கட்டி, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, தோளில் கைவைத்துக்கொண்டு. “எல்லாத்தையும் ஒரே தட்டுல நிறுத்திரலாமில்ல தம்பி?” நிறுத்திரலாங்ணா என்றேன். “எத்தன வருது?” பதினெட்டுங்ணா. “நம்முளுது பதினேழுதான?” மாறப்பனுதும் சேந்து வருதுங்ணா, இருங்க எடுத்துடறேன். தோளில் இருந்த கை எடுபடவில்லை. “எடுக்கோணுமா?” என்றான். என்ன சொல்கிறான் என்று புரியாதவன் மாதிரித் திரும்பிப் பார்த்தேன், புரிந்துதான் இருந்தது, புரியாத முகம் ஒன்றை வைத்துக்கொள்ள எனக்கு நன்றாக வரும், அந்நிய தேசத்தில் பதினேழு வருஷம் அதைப் போட்டுக்கொண்டுதான் காலம் தள்ளினேன். “டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னது எவன்னு நெனச்சே? நம்ம ஆளுகளா சொல்லுவாங்க? எல்லாம் அவந்தான். நாளைக்கு அவங்கோழி உசுரோட நின்னுச்சுன்னு வையி, சீக்கு செங்கோட்டுவேல் பண்ணையிலதான் பொறந்துச்சுன்னு அதுவே சாட்சி சொல்லும். அதும் போயிருச்சுன்னா, எங்கிருந்து எங்க வந்துச்சுன்னு எவஞ் சொல்றது?” அண்ணா, அது நல்லா இருக்கற கோழிங்ணா என்றேன். சிரித்தான். “நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி. எடுக்காம உட்டாப் போதும். கம்ப்யூட்டருதான தேடி எடுத்துச்சு? தப்புன்னா அதும் தப்பு.” போகும்போது கதவருகில் நின்று, “டாக்டருங்க பதினொரு மணிக்கு எல்லாக் கோழிக்காரங்களையும் யூனியன் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. எனக்குப் பதிலா மேனேஜரப் போகச் சொல்லீட்டன். அவம் போவான்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எடுக்காமல் விட்டால் போதும். இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஒன்றைச் செய்வதற்கும் ஒன்றைச் செய்யாமல் விடுவதற்கும் நடுவில் இடம் இருக்கிறதென்று சின்ன வயதிலிருந்தே நான் நம்பிவந்திருக்கிறேன், அங்கேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். விலக்க வேண்டுமென்றால் அந்த வரியில் அவன் ஃபோல்டரின் பெயரைச் சேர்த்து, இது வேண்டாம் என்று ஒரு குறி போடவேண்டும், பத்துப் பதினைந்து எழுத்து, பத்து வினாடி. அந்தப் பத்து வினாடிதான் செயல். மற்றது இயற்கை. ஹாலந்தில் ஒரு தடவை பார்த்தேன், அங்கேயும் இதே காய்ச்சல், பார்னவெல்ட் பக்கம் ஒரு பண்ணை, குளிர்காலம், நான் வெப்பமானிகளைக் கழற்றப் போயிருந்தேன், வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் கொட்டகைக்குள் வாயுவைச் செலுத்திக் கதவைச் சாத்தினார்கள், வெளியில் என்னோடு நின்ற, கூட வேலைபார்த்த யோஸ்ட் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றினான். உள்ளே முதலில் ஒரு சத்தம், மழை நெருங்கி வருகிற மாதிரி, எல்லாச் சிறகும் ஒன்றாக. ஐந்து நிமிஷம் என்றான் யோஸ்ட். பிறகு இன்னும் மூன்று என்றான். பிறகு மழை நின்றது. பண்ணைக்காரருடைய மனைவி வீட்டுச் சன்னலில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒரே தட்டை, துடைத்த தட்டையே மறுபடி. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதைக்கூட எழுதி வைக்கவேண்டும், நன்றாகத்தான் தூங்கினேன். தூங்காமல் புரண்டது வேறு ஒரு நாள். ஒன்பதாவதில், அறிவியல் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசை நான் தள்ளி உடைத்தேன், பக்கத்தில் நின்றது மாறப்பன், வாத்தியார் உள்ளே வந்ததும் அவன் சட்டையைத்தான் பிடித்தார், அவன் முகம் அப்படி, எதையோ உடைத்தவன் முகம். அவன் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன். மரஸ்கேலின் விளிம்பால் முட்டியில் அடித்தார், எண்ணினேன், பத்தொன்பது, அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நாங்கள் இரண்டு நாள் சண்டை போட்டு மூன்றாம் நாள் மறந்திருப்போம். காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக அவனை நான் மன்னிக்கவே இல்லை. அந்த வருஷத்தோடு அவன் நின்றுவிட்டான், நான் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி, கல்லூரிக்குப் போய், விமானம் ஏறினேன். போன பொங்கலுக்கு டீக்கடையில் நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னான், “அன்னிக்கு இவன் வாயத் தொறந்திருந்தா நானு இஞ்சினியரு, இவன் கோழிக்காரன்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். முப்பத்துநாலு வருஷம் உள்ளே வைத்திருந்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, டீயோடு கொடுத்துவிட்டான். பெரிய கூட்டங்களில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு எதற்கென்று மறந்துபோவது என் வியாதி. ஒரு கோழிய அறுக்கறவன் மொகத்தப் பாப்பான், ஓராயிரங் கோழிய அறுக்கறவன், ஓராயிரங் கோழிய அறுக்கறவன்.

அதுவும் காரணமில்லை. தராசுக்காக யாராவது பதினோராயிரம் கோழியைக் கொல்வார்களா. அண்ணன் சொன்னதும் காரணமில்லை, சீக்கு எங்கே பிறந்தது என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பண்ணையில் என் பங்கு சம்பளம் மட்டும்தான். காரணம் காலடியில் இருக்கிறது, மேசைக்கு அடியில், பழுப்பு நிறத்தில், இடதுகால் வார் கொஞ்சம் பிய்ந்து. இந்தச் செருப்பு. ஒரு கொட்டகைக்கு ஒரு செருப்பு என்று பலகை எழுதி ஒவ்வொரு வாசலிலும் ஆணியடித்தவன் நான், எழுதியதைப் பார்த்து, “கோயிலுக்குக்கூட இத்தன ஆச்சாரமில்லீங்” என்று வேலையாட்கள் கேலி செய்தார்கள், உள்ளே போனால் காலை மருந்துத் தண்ணீரில் நனை, நீல உறை மாட்டு, வெளியே வந்தால் உறையைக் குப்பையில் போடு. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு மூன்றாம் கொட்டகைக்குள் நின்றிருந்தேன், செத்ததைத் தாண்டித் தாண்டி நடந்து வெப்பமானியைச் சோதித்தேன், வெயிலால்தான் சாகிறது என்று அப்போது நினைத்தோம். நீல உறை தீர்ந்துபோயிருந்தது. மருந்துத் தொட்டி காய்ந்து கிடந்தது, வெயில் குடித்திருந்தது. மாறப்பன் போன் பண்ணினான், “மாப்ளே, எங்கொட்டாயில முப்பத்தொண்ணு காட்டுது, ஓடியா ஓடியா.” வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இதே செருப்பு. நேராக உள்ளே. வெப்பமானிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது, அவ்வளவுதான், ஊதிவிட்டேன். கோழிகள் என் காலைக் கொத்தின, இருபது வாரக் கோழி, கொண்டை அப்போதுதான் சிவந்துவருகிறது, எதைப் பார்த்தாலும் கொத்தும், பிய்ந்த வாரை ஒன்று இழுத்துப் பார்த்தது. வெளியே வந்ததும் மாறப்பன் ஒரு நோட்டை நீட்டினான், “கையெழுத்துப் போடு, நீதான வைக்கச் சொன்னே.” நான்தான் வைக்கச் சொன்னேன். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, அதற்குமுன் எந்தப் பண்ணைக்குள் போனார்கள். பழக்கம், கை தானாக எழுதியது, பெயர், பன்னிரண்டு ஐந்து, கடைசிக் கட்டத்தில் ‘பெரிய பண்ணை, கொட்டகை 3’. அந்த நோட்டு இப்போது அவன் தீவன அறையில் ஆணியில் தொங்குகிறது. இன்று நாலு மணிக்கு அவன் கோழிகளின் தொண்டையிலும் பஞ்சைவிட்டு எடுக்கப் போகிறார்கள். ஒன்றும் இல்லையென்று வரலாம். இருக்கிறது என்று வந்தால் அந்த நோட்டைப் பிரிப்பார்கள், ஹாலண்டுக்காரர், ஆணியடித்த பலகை, கொட்டகை மூன்று, என் கையெழுத்து, நல்ல தெளிவான கையெழுத்து, இரண்டு மொழியிலும் எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். விசிறி நின்று செத்ததென்றால் யாரும் நோட்டைப் பிரிக்கமாட்டார்கள். சர்வர் தவறு. அவன் கத்துவான், அண்ணன் வருத்தப்படுவான், ஏதாவது கொடுத்துச் சமாதானம் பேசுவார்கள், நான் தலையைக் குனிந்து, தேடும்போது சேர்ந்து வந்துவிட்டது, கவனிக்கவில்லை என்பேன். மடையன் என்பார்கள். மடையனாக இருப்பது எவ்வளவு குளிர்ச்சியான இடம், இருபத்தாறு டிகிரி.

பத்து நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. திரையில் அவன் பெயர். எடுக்காமல் விடலாமா என்று நினைத்தபோதே கை எடுத்துவிட்டது, இந்தக் கையை என்ன செய்வது. “மாப்ளே, கொன்னுட்டியா?” என்றான். எதைடா என்றேன். “உங்குளுதத்தான். அல்லாத்தையும் தீத்துப்போடச் சொல்லீட்டாங்களாமா, ஊரே பேசுது. பாவம்டா, உங்கண்ணன் மூஞ்சியில எப்பிடி முழிக்கறதுன்னு தெரியல. நாந்தான் டாக்டருக்குச் சொன்னன்னு அவருக்கு ஆரோ சொல்லிட்டாங்களாட்டருக்குது. சத்தியமா நாஞ் சொல்லல மாப்ளே. அவரு மருந்துக் கடையில போயி விசாரிச்சாரு, கடைக்காரந்தான் சொல்லியிருப்பான்.” சரிடா, அதெல்லாம் இப்ப எதுக்கு என்றேன். “எங்கொட்டாயில ஒண்ணுகூடச் சாவல, பாத்துக்க. இன்னிக்குக் காத்தால முட்டை வெச்சிருக்குது, நானூத்திப் பதனாறு. கோலிக்குண்டாட்டம் இருக்குது ஒவ்வொண்ணும். ரெண்டுல ரத்தங்கூட இருக்குது, மொத முட்டையில்ல. உனக்கு ஒரு அட்டை எடுத்து வெச்சிருக்கறன்.” பின்னால் விசிறி இரையும் சத்தம் கேட்டது, போனின் வழியாக, என்னுடைய விசிறி, நான் எழுதிய வேகத்தில். “இப்ப எதுக்குக் கூப்புட்டன்னா, யூனியன் ஆபீசுல கூட்டமாம், பதினொண்ணுக்கு. போவலீனா வேற மாதிரி நெனப்பாங்க. வேலைக்கு வர்ற ஆளும் சீக்குன்னு பயந்துக்கிட்டு வல்ல, எம் பொண்டாட்டி சரசும் பிள்ள பெரசவத்துக்குக் கரூர்ல கெடக்கறா. நாம் போயிட்டு வர்ற வரைக்கும் நீயி உன்ற டீவீல எங்கொட்டாயக் கொஞ்சம் பாத்துக்கிறியா? ஒரு ரெண்டு மணி நேரந்தான்.” கரண்ட் போனால்கூட ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்ளும், வெப்பம் ஏறினால் உன் போனுக்கே சத்தம் வருமே என்றேன், எதற்கு அதைச் சொன்னேன், அவனாகப் போகாமல் இருந்துவிடட்டும் என்றா, போய்த் தொலையட்டும் என்றா. “அதெல்லாம் வரும்டா. மெசினு மெசினுதான். ஒரு மனுசன் கண்ணு இருக்கோணுமில்ல.” பாத்துக்கறேன், போயிட்டு வா என்றேன். “ஹாலண்டுக்காரன்னா ஹாலண்டுக்காரந்தான்” என்று சிரித்தான். பிறகு பைக்கை உதைக்கிற சத்தம், இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பியது. விசிறியின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து போனது. போனை அணைக்க மறந்துவிட்டான், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறான், காற்றையும் சட்டை உரசுவதையும் நான் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகு நானே அணைத்தேன்.

அவன் கொட்டகை திரையில் பச்சையாக இருக்கிறது. இருபத்தைந்து புள்ளி எட்டு. பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், சொன்ன சொல். வரியின் மீதிப் பாதியை எழுதினேன். கேள்வி ஒன்று இருக்கிறதே, பதினெட்டும் ஒரே சமயத்தில் எழுந்து நின்று, கொட்டகை காலியா, கொட்டகை காலியா என்று கேட்கும், பதினெட்டு வாய்க்கும் ஒருவன் எப்படிப் பதில் சொல்வது. அதற்கும் வழி இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் நிறுத்தச் சொல்லும்வரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு கட்டளை யூனிக்ஸில் முதலிலிருந்தே உண்டு, எவனோ ஒருவனுக்குக் கேள்விகள் சலித்துப்போய் எழுதியிருக்கிறான். ஆமாம் என்ற சொல்லை அதற்குக் கொடுத்துக் கேள்விகளின் வாயில் குழாய் மாதிரிச் சொருகினேன். ஆமாம் ஆமாம் ஆமாம் ஆமாம். காலிதான். முட்டை நானூற்றுப் பதினாறு, இரண்டில் ரத்தம், காலிதான். ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது, பதினேழையும் முடித்துவிட்டு, மாறப்பனுடையது கடைசியில் வரும், ஒருமணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கூட்டம் முடிந்து அவன் திரும்பி வந்துவிடலாம், கதவைத் திறந்துவிடலாம், அவன் விதி எப்படியோ அப்படி. ஆனால் சர்வர் எல்லாவற்றையும் மணியோடு எழுதி வைக்கும். பதினேழும் நின்று நாலைந்து நிமிஷம் கழித்துப் பதினெட்டாவது நின்றால், இடையில் நிறுத்தியிருக்கலாமே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று யாராவது கேட்பார்கள். ஒரே நிமிஷத்தில் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். தனியாக ஒன்றை நிறுத்தினால் அது கொலை. பதினேழோடு சேர்ந்து நின்றால் கைப்பிழை. எண்ணிக்கையில்தான் எல்லாம் இருக்கிறது, தராசை உடைத்தவனுக்கு இது தெரியாதா. விலக்கவேண்டிய பதினைந்து எழுத்தையும் அடித்துப் பார்த்தேன், வரி நீண்டு அடுத்த வரிக்கு மடங்கியது. மறுபடி தேடிக் காட்டச் சொன்னேன், பதினேழு வந்தது, எவ்வளவு சுலபம். அழித்தேன். மறுபடி அடித்தேன். அழித்தேன். கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது, அதற்கு முகமில்லை, சிமிட்டல் மட்டும்தான். காமிராவைப் போட்டு ஒரு தடவை பார்க்கலாமே என்று மாறப்பன் கொட்டகையின் படத்தைத் திறந்தேன், தரை தெரியாமல் கோழிகள், மங்கலான மஞ்சள் விளக்கு, முன்னால் நின்ற ஒன்று கழுத்தை நீட்டிக் காமிராவை ஒருபக்கக் கண்ணால் பார்த்தது, என்னைப் பார்த்தது என்று சொல்லக்கூடாது, ஒளியைப் பார்த்தது, தலையைச் சாய்த்து மறுபக்கக் கண்ணாலும் பார்த்தது. மூடிவிட்டேன். அண்ணனிடமிருந்து போன் வந்தபோது மணி பதினொன்று நாலு. “மேனேஜர் அங்கிருந்து பேசுனாரு. மாறப்பன் வந்து மொத வரிசையில உக்காந்துக்கிட்டானாம். என்ன தம்பி, ஆச்சா?” இன்னும் இல்லீங்ணா என்றேன். “கையி நடுங்குதா?” இல்லீங்ணா. உண்மையிலேயே நடுங்கவில்லை, பார்த்துக்கொண்டேன், மேசைமேல் இரண்டும் சாதாரணமாக இருந்தன. பெரியப்பா ஒண்ணு சொல்வாரில்லீங்ணா, கொட்டகை தொறந்தன்னிக்கு மைக்குல, ஒரு கோழிய அறுக்கறவன் அதோட மொகத்தப் பாப்பான், ஓராயிரங் கோழிய அறுக்கறவன்… “மணியப் பாப்பான்” என்றான் அண்ணன். “அதுக்கென்ன இப்ப?” ஒண்ணுமில்லீங்ணா, மறந்துபோச்சு, அதான். “அப்பன் சொன்னதெல்லாம் இருக்கட்டும், நீ வேலையப் பாரு” என்று வைத்துவிட்டான். கூட்டம் அதற்குத்தான் சிரித்திருக்கிறது. பந்தலில் பெரியப்பா அதைச் சொல்லிவிட்டு இடதுகையைத் தூக்கி வெறும் மணிக்கட்டைப் பார்த்துக் காட்டினார், அவரிடம் கடிகாரம் கிடையாது, அதற்குத்தான் சிரித்தோம். யோஸ்ட் ஐந்து நிமிஷம் என்றான், பிறகு இன்னும் மூன்று என்றான். மூலையில் இருபத்தைந்து புள்ளி எட்டு பச்சையில் இருந்தது.

பதினொன்று ஏழுக்கு, பட்டியலில் எதையும் விலக்காமல், பதினெட்டையும் ஓட்டினேன்.